சியாட்டில் பள்ளிக்கூடத்துக்கு ஷோனா பாட்டு வந்த வழி

சியாட்டில் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகள் ஐந்தாம் வகுப்பு. பள்ளியின் மரிம்பா குழுவில் சேர்ந்திருக்கிறாள்; மரிம்பா என்பது கோலால் தட்டி வாசிக்கும் மரக்கட்டைக் கருவி. சொல்லித்தருபவர் அமெரிக்க ஆசிரியை, பாட்டு ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில். வீட்டுக்கு வந்தும் அதையே முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். "ஆப்பிரிக்க இசை இந்த ஊர்ப் பள்ளிக்கு எப்படி வந்தது? இது நிஜமான இசைக் கல்வியா, ஆண்டு விழாவில் மேடையேற்ற ஒரு வேடிக்கையா? இதில் தொடரவிடலாமா, மிருதங்கத்திலேயே சேர்த்துவிடலாமா?" என்பது அவர் கேள்வி.

பன்னிரண்டு வருடமாக இந்தப் பக்கத்தில் ஒரு குழுவில் பாஸ் மரிம்பா வாசிக்கிறேன். அதற்கு முன்னால், ஊரில் சிறுவயதில் ஆறு வருடம் மிருதங்கம் கற்றேன். அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல ஆசை.

இந்த இசை இங்கே வேர்விட்டதற்கு முதல் காரணம் ஒரு மனிதர். பெயர் ஏபிரகாம் டுமிசானி மராய்ரே. இங்குள்ளவர்கள் 'டுமி' என்றே சொல்வார்கள். 1944-இல் பிறந்தவர். சொந்த மண், அன்று ரொடீசியா என்று அழைக்கப்பட்ட இன்றைய ஜிம்பாப்வேயின் கிழக்கே, மொசாம்பிக் எல்லையை ஒட்டிய முட்டாம்பரா பகுதி. அங்கே மெதடிஸ்ட் மிஷன் உண்டு. மிஷன்காரர்களில் பலருக்கு ங்கோமா என்ற மத்தளமும், ஹோஷோ என்ற சுரைக்குடுக்கைக் கிலுக்கும், பலகையில் பதித்த இரும்பு நாக்குகளை விரலால் மீட்டும் ம்பிராவும் பேய் வழிபாட்டுச் சாமான்கள். பிள்ளைகள் பள்ளியில் ஐரோப்பியக் கீர்த்தனை பாட வேண்டும். சாயங்காலம் ஊருக்குள் வந்தால் வேறு தாளம், வேறு ஆட்டம். மராய்ரே இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தார். பிற்பாடு ஷோனா மொழியிலேயே தேவாலயப் பாட்டுகள் கட்டியவர்களில் அவரும் ஒருவர்.

அப்புறம் அவர் போய்ச் சேர்ந்த இடம் புலவாயோ நகரத்தின் க்வானோங்கோமா இசைக் கல்லூரி. இந்தக் கல்லூரியைப் பற்றித் தெரியாமல் உங்கள் மகள் வாசிக்கும் கருவியைப் புரிந்துகொள்ள முடியாது. 1960-களின் தொடக்கத்தில், கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு இசை ஆசிரியர்களை உருவாக்குவதற்காக அது தொடங்கப்பட்டது. முன்னின்றவர் ராபர்ட் சிப்சன். பள்ளியில் எந்தக் கருவியைச் சொல்லித்தருவது என்ற கேள்வி வந்தது. நாட்டில் ஷோனா மக்களும் இண்டெபெலே மக்களும் பெரும் கூட்டம். ம்பிராவை எடுத்தால் அது ஷோனாக்களின் கருவி, அதிலும் முன்னோர் ஆவிகளோடு பேசும் கருவி. வேறொன்றை எடுத்தால் மற்றவர்களுக்கு அது அந்நியம்.

அதனால் அவர்கள் மரிம்பாவை எடுத்தார்கள். மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கூடு வைத்துக் கோலால் தட்டி வாசிக்கும் கருவி. அண்டை நாடுகளில், மொசாம்பிக்கின் சோப்பி மக்களிடமும் சாம்பியாவின் லோசி மக்களிடமும் அந்தக் குடும்பத்துக் கருவிகள் இருந்தன. ரொடீசியாவில் ஷோனாக்களும் உரிமை கொண்டாட முடியாது, இண்டெபெலேக்களும் முடியாது. மேல் ஸ்தாயியிலிருந்து கீழ் ஸ்தாயி வரை சோப்ரானோ, டெனர், பாரிடோன், பாஸ் என்று நான்கு அளவில் செய்தார்கள். சுருதி மேற்கத்திய சி மேஜர். கூடவே எஃப் ஷார்ப் ஒன்று. நம் கணக்கில் சொன்னால் சங்கராபரண ஸ்வரங்களோடு பிரதி மத்யமத்தையும் சேர்த்து வைத்த மாதிரி. ஆக, உங்கள் மகளின் கருவி ஆயிரம் வருடத்துப் பழங்குடிச் சொத்து இல்லை. உங்கள் அப்பாவை விட வயதில் இளையதாகக்கூட இருக்கலாம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கருவிக்கு வாசற்காவல் இல்லாததால்தான் அது இவ்வளவு தூரம் வந்தது என்பது என் நம்பிக்கை.

கல்லூரியின் இன்னொரு கருவி ஒரு சின்ன ம்பிரா: ஞுங்கா ஞுங்கா. (இந்த 'ஞு' என்ற எழுத்துக்கு ஒரு வேலை கிடைத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.) பலகை மேல் பதினைந்து இரும்பு நாக்குகள். இரண்டு கட்டைவிரலாலும் வலது ஆள்காட்டி விரலாலும் மீட்ட வேண்டும். ஜெகே டப்பேரா என்ற கலைஞர் மொசாம்பிக்கின் டெட்டே பக்கத்திலிருந்து அதைக் கொண்டுவந்து கல்லூரியில் கற்பித்தார். அது ஆவி வழிபாட்டுக்கான பெரிய ம்பிரா இல்லை. பொழுதுபோக்காகவும் பாட்டுக்குத் துணையாகவும் வாசிப்பது. மராய்ரே இதில் தேர்ந்தார். அதன் நாக்குகளுக்கு ஒன்று முதல் பதினைந்து வரை எண் கொடுத்துக் கற்பிக்கும் முறையை அவர் கடைப்பிடித்தார். இன்றும் அந்த எண்களை வைத்துத்தான் பலர் பாடம் எடுக்கிறார்கள்.

சரி, அவர் ஏன் சியாட்டிலுக்கு வந்தார்? அந்தக் காலத்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒரு புதுக்காற்று வீசியது. உலக இசையைப் படிக்க வேண்டுமென்றால் புத்தகம் போதாது, அந்தந்த நாட்டுக் கலைஞரின் காலடியில் உட்கார்ந்து வாசிக்கப் பழக வேண்டும் என்று லாஸ் ஏஞ்சலஸில் மேன்டில் ஹூட் என்ற இசை ஆய்வாளர் 1960 வாக்கில் வலியுறுத்தினார். கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு நம் டி. ரங்கநாதன் 1963-இல் மிருதங்கம் சொல்லித்தரப் போனதும் இதே காற்றில்தான். சில வருடம் கழித்து 1969-இல் அங்கேயே கானாவின் மத்தளக் கலைஞர் ஏபிரகாம் அட்ஸென்யா வந்து சேர்ந்தார். மிருதங்கமும் கானா மத்தளமும் ஒரே கல்லூரியில் பக்கத்துப் பக்கத்தில் கற்பிக்கப்பட்டன. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கார்ஃபியாஸ் இப்படி ஒரு துறையை 1962-இல் நிறுவியிருந்தார். அங்கே வருகைக் கலைஞராக 1968-இல் வந்தவர் மராய்ரே. வயது இருபத்துநாலைத் தாண்டவில்லை.

அந்த வருடத்தை நினைத்துப் பாருங்கள். அவருடைய நாட்டில் 1965-இலிருந்து வெள்ளைச் சிறுபான்மை அரசு தானாகவே சுதந்திரம் அறிவித்துவிட்டு ஆண்டுகொண்டிருக்கிறது. சொந்த மண்ணில் அவருக்கு முழுக் குடிமகனாக இடம் இல்லை. அங்கே தாழ்வாகப் பார்க்கப்பட்ட இசையை இங்கே பல்கலைக்கழகம் அழைத்துவந்து பாடமாக வைக்கிறது. அவர் மாணவர்களுக்கு வாசித்துக்காட்டிவிட்டு மட்டும் போயிருந்தால், நல்ல கச்சேரி என்று நாலு பேர் நினைவில் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். அவர் குழுக்களைக் கட்டினார். 1972 வரை பல்கலைக்கழகத்தில், அப்புறம் ஒலிம்பியா நகரின் எவர்கிரீன் ஸ்டேட் கல்லூரியில், கல்லூரிக்கு வெளியே அக்கம்பக்கத்து மக்களுக்கும். இசையே படிக்காதவர்கள் கையிலும் கோலைக் கொடுத்தார்.

ஏன் அது பிடித்துக்கொண்டது என்று சொல்ல, இசைக்குள் கொஞ்சம் போக வேண்டும். ஷோனா இசையில் ஒருவர் தனியாக வாசிப்பதில் பாட்டு முழுதாக இருக்காது. ஒருவர் வாசிப்பது குஷாவுரா, அதாவது முன்னடத்துவது. இன்னொருவர் அதன் இடைவெளிகளில் விழும்படி வாசிப்பது குட்சின்ஹிரா. இரண்டும் சேரும்போது, இரண்டு பேரும் வாசிக்காத மூன்றாவது ஒரு மெட்டு காதில் கேட்கும். மேலே ஹோஷோ, கீழே ங்கோமா, எல்லாவற்றுக்கும் மேல் பாட்டு. மரிம்பா குழுவில் ஏழெட்டுப் பேர். ஒவ்வொருவர் கையிலும் சின்னத் துண்டு, நாலைந்து ஸ்வரம்கூட இருக்காது. தனியாகக் கேட்டால் 'இதிலென்ன இருக்கிறது' என்று தோன்றும். பத்து வயதுப் பிள்ளை பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்தத் துண்டு விழுந்துவிட்டால் பாட்டு நொண்டும். முதல் நாளே ஒரு குழந்தைக்கு, தான் இல்லாவிட்டால் நடக்காது என்று தெரிகிற இசை வகுப்பு எத்தனை இருக்கிறது சொல்லுங்கள். நான் மிருதங்கம் கற்றபோது தட்டிக்கொண்டே இருந்த முதல் ஒரு வருடமும் யாருக்கும் நான் தேவைப்படவில்லை.

நான் முதல் வகுப்பில் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு துடிப்பு கொண்ட சுழல் என்றார்கள். திஸ்ர நடையில் நாலு அடி, நமக்குத் தெரியாததா என்று தொடையில் போட்டுக்கொண்டே காத்திருந்தேன். எதற்காக? சமத்துக்காக. எல்லோரும் வந்து சேர்ந்து விழும் அந்த இடம் வரும், அங்கே ஏறிக்கொள்ளலாம் என்று. அது வரவே இல்லை. பாஸுக்கு ஒரு தொடக்கம், டெனருக்கு வேறு தொடக்கம், ஹோஷோ இன்னொரு இடத்தில் அழுந்துகிறது. ஒரே சுழலை நாலு மூன்றாகவும் எண்ணலாம், ஆறு இரண்டாகவும் எண்ணலாம். காது எதைப் பிடிக்கிறதோ அதற்கேற்ப பாட்டே வேறாகக் கேட்கிறது. வாசிப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே சுமக்கிறார்கள். ஆசிரியை சொன்னது ஒன்றுதான்: எண்ணாதே, பக்கத்தில் நிற்பவர் கையைப் பார், அவர் விடும் இடத்தில் நீ விழு. மூன்றாவது வாரம் விழுந்தேன். அந்த நொடி உடம்பில் ஓடியதை எனக்கு இன்னும் எழுதத் தெரியவில்லை.

ஞுங்கா ஞுங்காவில் பெரும்பாலும் முதலில் கற்பிக்கும் பாட்டு 'செமுடெங்குரே'. வெள்ளையர்கள் வந்தபின் ஓடிய சரக்கு வண்டிகளையும் வண்டிக்காரனையும் பற்றியது. வண்டிக்காரன் பெண்டாட்டிக்கு நிலக்கடலை விழுதுக்குப் பஞ்சமே இல்லை என்று பாட்டு போகும். கேட்கக் குழந்தைப் பாட்டு மாதிரி இருக்கும். கூலிக்குப் போனவன் வீட்டில் மட்டும் பண்டம் சேருகிறது என்ற ஊர்ப் பேச்சு அதற்குள் இருக்கிறது. ஒரு நல்ல ஆசிரியர் இதைச் சொல்லித்தான் அந்தப் பாட்டைத் தொடங்குவார்.

மராய்ரேயிடம் கற்றவர்கள் தாங்களே குழு தொடங்கினார்கள், அவர்களிடம் கற்றவர்கள் அடுத்த ஊரில். தச்சுவேலை தெரிந்தவர்கள் கருவியே செய்யத் தொடங்கினார்கள். சுரைக்குடுக்கைக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் பிவிசி குழாயை அடியில் பொருத்தினார்கள். அந்தக் குழாயில் ஒரு ஓட்டை போட்டு மெல்லிய தாள் ஒட்டினால் 'ஜ்ஜ்' என்று ஒரு இரைச்சல் சேரும். மரபில் அதற்குச் சிலந்தியின் முட்டைக்கூட்டுச் சவ்வை ஒட்டுவார்கள். புதிதாகக் கேட்பவர்கள் கருவி கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். ஷோனா காதுக்கு அந்த இரைச்சல் இல்லாவிட்டால் ஒலியே வெறுமை. சியாட்டிலில் லோரா சியோரா டை என்ற ஜிம்பாப்வே கலைஞர் 'சுகுட்டாய்' குழுவின் வழியாக ஆட்டத்தையும் பாட்டையும் பிள்ளைகளிடம் கொண்டுபோனார். ஆரிகனில் யூஜீன் நகரத்தில் குட்சின்ஹிரா என்ற பெயரிலேயே ஒரு கலை மையம் இருக்கிறது. ஜிம்ஃபெஸ்ட் என்று ஒரு விழாவும் உண்டு. ஜிம்பாப்வேயிலிருந்து ஆசிரியர்கள் வருவார்கள், பகலெல்லாம் வகுப்பு, இரவெல்லாம் ஆட்டம். ஜிம்பாப்வேயை ஒரு நாளும் பார்க்காத ஆயிரக்கணக்கான வாய்கள் ஷோனாவில் பாடுகின்றன.

ஆப்பிரிக்க இசையை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர் இவர் ஒருவர் மட்டும் இல்லை. நைஜீரியாவின் பாபாதுண்டே ஒலதுஞ்சி 1960-இலேயே கொலம்பியா நிறுவனத்தின் இசைத்தட்டால் நாடு முழுக்கப் பெயர் பெற்றவர். நியூயார்க்கின் ஹார்லெமில் ஆப்பிரிக்கப் பண்பாட்டு மையம் நடத்தினார். சாக்ஸஃபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் அதற்குக் கைகொடுத்தார். தம் மரணத்துக்கு மூன்று மாதம் முன்னால், 1967 ஏப்ரலில் அங்கே வாசித்தார். ஒலதுஞ்சியின் வேலை ஹார்லெமின் கறுப்பின மக்களுக்கு அவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட ஒன்றைத் திரும்பக் கையில் கொடுப்பது. மராய்ரேக்கு வாய்த்த மாணவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். அவர்களுக்குத் திரும்பக் கொடுக்க ஒன்றும் இல்லை. புதிதாகத்தான் கொடுக்க வேண்டும். அதனால்தான் இவர் வழி வேறாக இருந்தது.

ஜிம்பாப்வே 1980-இல் விடுதலை பெற்றது. 1982-இல் அவர் ஊர் திரும்பி அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இசைத்துறை வளர்க்க உழைத்தார். மறுபடி சியாட்டிலுக்கு வந்து, ஷோனா மக்களின் முன்னோர் ஆவி இறங்கும் சடங்கில் இசைக்கு உள்ள இடத்தைப் பற்றி ஆய்வு செய்து 1990-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1992-இல் கிரோனோஸ் குவார்டெட் என்ற தந்தி வாத்திய நால்வர் குழு, ஆப்பிரிக்க இசையமைப்பாளர்களின் படைப்புகளை மட்டும் வைத்து ஒரு தொகுப்பு வெளியிட்டது. அதில் அவருடைய 'மாய் நோஸிப்போ' இருக்கிறது. நால்வரும் வில் போட, ங்கோமாவும் ஹோஷோவும் அவர் கையில். தேடிக் கேளுங்கள், உங்கள் மகளோடு சேர்ந்து. 1999 நவம்பரில் ஜிம்பாப்வேயில் காலமானார். ஒலிம்பியாவில் 1976-இல் பிறந்த அவர் மகள் சிவோனிசோ பெரிய பாடகி ஆனார். அவர் கையிலும் ஞுங்கா ஞுங்காதான். 2013-இல் 37 வயதில் அவரும் போய்விட்டார். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

இதில் இழப்பு இல்லையா என்றால், இருக்கிறது. ஊர் ம்பிராக்களின் சுருதி சி மேஜருக்குள் அடங்காது; கருவி செய்பவருக்குச் செய்பவர் மாறும். மரிம்பாவுக்கு ஏறும்போது அந்த வேற்றுமை எல்லாம் ஒரே அச்சில் வார்க்கப்படுகிறது. 'நெமமுசாசா' போன்ற பாட்டுகள் ஊரில் பிரா என்னும் இராச் சடங்கில் முன்னோரை அழைக்க வாசிப்பவை. இங்கே பூங்காவில் ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் அதை வாசிக்கும்போது, நானே சில நாள் தயங்கியிருக்கிறேன். பாட்டு ஓரிடத்தில், காசு ஓரிடத்தில் சேருகிறது என்ற வருத்தமும் நியாயமானது. இதை உணர்ந்தவர்கள் இங்கேயே உண்டு. 1974-இலேயே ஜிம்பாப்வே போய் ம்பிரா கற்ற எரிகா அசிம், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு அமைப்பு நடத்தி, ஜிம்பாப்வே கலைஞர்களின் ஒலிப்பதிவுகளை விற்று வருமானத்தை அவர்களுக்கே அனுப்பிவந்தார். ம்பிரா செய்வதும் வாசிப்பதும் 2020-இல் யுனெஸ்கோ பட்டியலில் மலாவி, ஜிம்பாப்வே பெயரில் ஏறியது. ஜிம்பாப்வேயின் பள்ளிகளிலும் இன்று மரிம்பா குழுக்கள் நிறைய; உங்கள் மகள் வாசிப்பதை அங்கே ஒரு பெண்ணும் பள்ளிச் சீருடையில் நின்று வாசித்துக்கொண்டிருப்பாள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. ஆசிரியையிடம் மூன்று விஷயம் கேளுங்கள், பணிவாக. இந்தப் பாட்டை யாரிடம் கற்றீர்கள்? வரிக்கு என்ன பொருள்? இது ஊரில் எப்போது பாடப்படும்? மராய்ரே வழியில் வந்தவர் என்றால் முகம் மலர்ந்து, குருவின் குருவரைக்கும் பெயர் சொல்வார். பதில் சொல்லத் தெரியாவிட்டால், குறை சொல்லாமல் ஜிம்ஃபெஸ்ட் பற்றி அவருக்கே சொல்லுங்கள். மிருதங்கத்தை விட வேண்டாம். இரண்டும் ஒன்றை ஒன்று கெடுக்காது; ஆனால் முதல் வருடம் கொஞ்சம் குழப்பும், அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், மகளுக்கு எந்தப் பகுதி கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சோப்ரானோ என்றால் அவளே பாடிக்காட்டுவாள். பாரிடோனோ பாஸோ என்றால், வீட்டில் அவள் முணுமுணுப்பது பாட்டு மாதிரியே கேட்காது. 'டும்… டும்டும்' என்று விட்டு விட்டு வரும். அப்போது நீங்கள் உட்கார்ந்து, அவள் விடும் இடங்களில் கைதட்டிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் அவள் சிரிப்பாள்.